உர மூட்டையும் நெல் மூட்டையும்

ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், காவிரிப் படுகையின் உட்கிராமம் ஒன்றிலே, விடாது பெய்த மழை சற்றே ஓய்ந்து மேகம் விலகி வெயில் தலைகாட்டிய அரைமணி நேரத்திற்குள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னிருந்த தார்ச்சாலையில் ஒரு பாதி முழுவதும் நெல்லாகிவிட்டதை நான் கண்டேன். தார்ப்பாய்களை உதறி ஓரமாகச் சுருட்டிவிட்டு, ஆண்களும் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுமாக நெல்லைக் காலால் துழாவித் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு நாட்களாக அங்கேயே காவல் கிடப்பதாகச் சொன்ன முதியவர் ஒருவர், குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். அது சூடாக இருந்தது. சில மணிகளின் நுனியில் வெள்ளை முளை ஊசிமுனையளவு எட்டிப் பார்த்தது. "உரம் வாங்கப் போனா காசை முன்னாடி வச்சாத்தான் மூட்டயத் தொட வுடுறாங்க. நெல்லக் கொண்டாந்து குடுக்குறப்ப மட்டும் நாங்க காத்துக் கெடக்கணும். ரெண்டும் சர்க்கார் வெல வச்ச மூட்டதானே, ஐயா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு யோசிக்க யோசிக்க, நெல் விவசாயியின் இன்றைய சங்கடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அவர் நிலத்துக்குள் போகும் மூட்டைக்கும் விலை வைப்பது சர்க்கார். நிலத்திலிருந்து வெளிவரும் மூட்டைக்கும் விலை வைப்பது சர்க்கார். இரு முனைகளிலும் அரசாங்கத்தின் கை இருந்தும், இடையில் நிற்கும் மனிதருக்கு நிச்சயம் என்று ஒன்றும் கிட்டாமற் போனது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சைச் சீமையில் ஒரு காலத்தில் எல்லாக் கணக்கும் நெல்லிலேயே நடந்தது. அறுப்புக் கூலி நெல். தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் களத்திலேயே அளந்த பங்கு நெல். கோயிலுக்கும் மடத்துக்கும் குத்தகை நெல். மரக்காலும் கலமும் அளவுகோல்களாக இருந்த அந்த நாளில், ஒரு பொருள் மலிவா கிராக்கியா என்பதை ரூபாயைக் கொண்டு ஒருவரும் தீர்மானிக்கவில்லை. ரூபாயின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருக்கும் இந்த நாளிலும் அந்தப் பழைய அளவுகோலே நியாயமானது என்று நான் நம்புகிறேன். ஆகவே உரத்தை நெல்லால் அளந்து பார்ப்போம்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்கு முன்பு, உள்ளூர் வரிகள் நீங்கலாக, டன் ஒன்றுக்கு யூரியா 4,830 ரூபாய், டி.ஏ.பி. 9,350 ரூபாய், பொட்டாஷ் 4,455 ரூபாய் என்று விலை இருந்தது. அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு தந்த விலை, ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 1,000 ரூபாய். எனவே ஐம்பது கிலோ யூரியா வாங்க 24 கிலோ நெல் விற்றால் போதும். ஐம்பது கிலோ டி.ஏ.பி.க்கு 47 கிலோ. ஐம்பது கிலோ பொட்டாஷுக்கு 22 கிலோ. இப்போது 2025-26-ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,369 ரூபாய். 45 கிலோவாகச் சுருங்கிவிட்ட யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350 ரூபாய், பொட்டாஷ் மூட்டை 1,500 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. நெல்லில் அளந்தால், ஐம்பது கிலோ யூரியாவுக்குப் பன்னிரண்டரை கிலோ நெல்லே போதும், டி.ஏ.பி.க்கு 57 கிலோ வேண்டும். பொட்டாஷுக்கோ 63 கிலோவுக்கு மேல் கொடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் யூரியா பாதி விலையாகவும் பொட்டாஷ் மூன்று பங்கு விலையாகவும் ஆகியிருக்கின்றன.

இதில் இன்னும் விசித்திரமான உண்மை ஒன்று உண்டு. காவிரிப் படுகையின் குறுவைக்கு எக்டேருக்குத் தழைச்சத்து (யூரியா தருவது) 125, மணிச்சத்து (டி.ஏ.பி. தருவது) 50, சாம்பல் சத்து (பொட்டாஷ் தருவது) 50 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. அதையொட்டித்தான் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய குறுவைத் தொகுப்புத் திட்டத்தில், ஏக்கருக்கு யூரியா இரண்டு மூட்டை, டி.ஏ.பி. ஒரு மூட்டை, பொட்டாஷ் அரை மூட்டை என்று இலவசமாகக் கொடுத்தது. இந்த மூன்றரை மூட்டையையும் பழைய விலையில் வாங்கினால் 101 கிலோ நெல். இன்றைய விலையில் வாங்கினால் ஏறத்தாழ 111 கிலோ நெல். கூடியிருப்பது பத்துக் கிலோதான். அச்சிட்ட விலைக்கு உரம் கிடைக்குமானால் அதன் மொத்தச் செலவு விவசாயியை முறித்துவிடவில்லை என்பதை வாஸ்தவமாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மத்திய அரசு 2022-23-இல் மட்டும் உர மானியத்துக்காக ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி ரூபாய் செலவிட்டதன் பலன் அது. ஆனால் மொத்தம் மாறாமல் இருக்கும்போதே அதன் உள்ளடக்கம் தலைகீழாகிவிட்டதே, அங்கேதான் வினை இருக்கிறது.

யூரியாவை மட்டும் மலிவாக வைத்து மற்றச் சத்துக்களைச் சந்தையிடம் விட்ட இந்தத் தவறு ஒரு முறையன்று, இரண்டு முறை செய்யப்பட்டது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்து, அதையொட்டி உர விலை ஏறி, உரத்தின் உபயோகம் குறைந்தபோது, அரசு அமைத்த மராத்தே குழுவின் யோசனைப்படி 1977-இல் மானிய முறை ஒழுங்கு செய்யப்பட்டது. தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கஜானா ஏற்றுக்கொண்டது. 1991-இன் பொருளாதார நெருக்கடியில் அந்தப் பாரம் தாங்க முடியாததாயிற்று. 1992 ஆகஸ்டில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் விலைக்கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. யூரியா மட்டும் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. விளைவு ஒரே ஆண்டில் தெரிந்தது. தேசம் முழுவதும் நிலத்தில் இடப்பட்ட மூன்று சத்துக்களின் விகிதம் 5.9 : 2.4 : 1 என்றிருந்தது 9.5 : 3.2 : 1 என்று கோணலாயிற்று. பின்னர் ஆண்டுக்கணக்கில் முயன்று அதைச் சீர்ப்படுத்தி, 2009-10-இல் 4.3 : 2 : 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சீர் முழுதாக ஓராண்டு நிலைப்பதற்குள், 2010 ஏப்ரலில், சத்து அடிப்படையிலான மானியம் என்ற புதுத்திட்டம் வந்தது. கொள்கையளவில் அது மெச்சத்தக்கது. ஒவ்வொரு சத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு மானியம், மற்றது சந்தையின் பாடு என்பது அதன் தத்துவம். ஆனால் யூரியாவை மறுபடியும் அதற்கு வெளியே வைத்தார்கள். 2012-13-இல் விகிதம் 8.2 : 3.2 : 1 ஆகிவிட்டது.

இம்மூன்று சத்துக்களுக்கும் உகந்த விகிதமாகச் சொல்லப்படும் 4 : 2 : 1 என்ற இலக்கணம் எல்லா மண்ணுக்கும் வேதவாக்கன்று, அது வடநாட்டுக் கோதுமை வயல்களின் அனுபவத்தில் பிறந்தது. படுகையின் களிமண்ணுக்கு இயல்பாகவே சாம்பல் சத்து ஓரளவு உண்டு என்பதும் உண்மை. ஆயினும் இருக்கும் முதலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்துக்கொண்டே இருந்து, திருப்பிச் செலுத்தாமலும் இருந்தால், கடன் இன்று தெரியாவிட்டாலும் ஒரு நாள் தெரியவே செய்யும். விவசாயியின் அறியாமை என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது சுலபம். மண் பரிசோதனை அட்டையும் கையில் இருக்கிறது. வேளாண் அலுவலர் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் உரக்கடையில் நிற்கும்போது, மடியில் இருக்கும் பணத்துக்கு அரை மூட்டை பொட்டாஷா, அல்லது இரண்டு மூட்டை யூரியா வாங்கிய பிறகு கொஞ்சம் மிச்சமா என்று கேட்டால், எந்த மனிதரின் கை எந்தப் பக்கம் போகும்? யூரியா இட்ட ஐந்தாறு நாளில் பயிர் கண்ணுக்குத் தெரியப் பச்சை கட்டுகிறது. பொட்டாஷ் செய்யும் உபகாரமோ கண்ணுக்குப் புலனாகாதது. தண்டுக்குள் வலிமையாகவும் நோய்க்கு எதிரான திடமாகவும் அது மறைந்திருக்கிறது.

அந்த மறைந்த உபகாரம் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதை ஐப்பசி மழை சொல்லிவிடும். தழைச்சத்து மிஞ்சிச் சாம்பல் சத்துக் குறைந்த பயிர் கருகருவென்று வளர்ந்து, இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் குலை நோயையும் விருந்துக்கு அழைக்கிறது; ஆகவே உரத்தில் மிச்சம் பிடித்த பணம் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறது. கதிர் முற்றும் தருணத்தில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால், வலுவற்ற தண்டு சாய்ந்து கதிர் தண்ணீரில் படுக்கிறது. சாய்ந்த பயிரை டயர் வண்டி அறுக்காது. பெல்ட் வண்டி வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் வாடகை கூடுதல், சாய்ந்த வயலில் மணியும் கூடுதல். அறுத்த நெல் ஈரமாக வருகிறது. ஈரமான நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதக் கருவியில் 17 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. நிலையம் அதை வாங்க மறுக்கிறது. மழையின் கொடுமை எல்லோருக்கும் பொதுவானது. நேராக நின்ற பயிருக்கும் அது நஷ்டத்தைத் தரும். ஆனால் ஆனியில் மலிவாகக் கிடைத்த யூரியா மூட்டைக்கும் ஐப்பசியில் சாலையில் முளைவிடும் நெல்லுக்கும் இடையே ஓர் உறவு இருப்பதை, தார்ச்சாலையில் நின்ற அன்று நானும் அறியாதிருந்தேன்.

இந்த மண் எப்போதும் இப்படி மூட்டையை நம்பி இருந்ததில்லை. ஆடிப் பெருக்கின் கலங்கிய புதுவெள்ளம் குடகு மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலை ஆண்டுதோறும் வயலில் படியவிட்டுப் போயிற்று. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு தண்ணீருக்கு ஒழுங்கு வந்தது, வண்டலோ அணைக்குள்ளே தங்கிவிட்டது. கோடையில் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவதும், தை அறுப்புக்கு முன்னரே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதும், ஊர் ஆட்டுக்கிடையை வயலில் மறிப்பதுமாக மீதிப் பசியை மக்கள் தீர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து இந்நாட்டு விவசாயத்தைப் பார்வையிட்ட வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறிப் போவதால் இந்திய மண் தன் சத்தை இழக்கிறது என்று கவலை தெரிவித்தார். எலும்பை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த தேசத்தில், முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-இல் நம் ராணிப்பேட்டையிலேயே எழுந்தது. 1960-61-இல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு முதலாவதாகப் பொறுக்கியெடுக்கப்பட்ட ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 என்ற ரகமும் ரசாயன உரமும் சேர்ந்தே இங்கு வந்தன. அதனால் சோறு பெருகியது. அதை மறுப்பவர் 1940-களின் ரேஷன் வரிசையை மறந்தவராவார். ஆனால் அன்று முதல் நம் வயலின் ஆதாரம் தொலைதேசங்களின் கைக்குப் போயிற்று.

இன்று யூரியாவுக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. மணிச்சத்துக்கு மூலமான பாறை மொராக்கோவிலும் ஜோர்டானிலும் கிடைக்கிறது. உலகில் உள்ள பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ எழுபது சதவிகிதம் மொராக்கோவின் வசம். பொட்டாஷ் நம் நாட்டில் எடுக்கப்படுவதே இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் முதலிய நாடுகளின் சுரங்கங்களிலிருந்து வந்தால்தான் உண்டு. 2021 அக்டோபரில் சீனா பாஸ்பேட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை நடத்தியது. இரண்டுக்கும் காவிரிப் படுகையின் நன்னிலம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், அந்த ஆண்டுகளில் அடியுரத்துக்கு டி.ஏ.பி. கிடைக்காமல் கையில் அகப்பட்ட காம்ப்ளக்ஸ் உரத்தை வாங்கிப் போட்ட விவசாயியைக் கேட்டறியலாம். விலையை அரசு பிடித்து நிறுத்தலாம். கப்பலைப் பிடித்து இழுத்துவர அதனால் இயலாது. 2025 ஆகஸ்டில் தெலங்கானாவில் யூரியாவுக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற ஜனங்கள், கால் கடுத்ததும் தங்கள் இடத்தில் செருப்பை வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கிய காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிட்டன.

சரக்கு அரிதாகும் நாளில் அச்சிட்ட விலைக்கு அர்த்தம் போய்விடுகிறது. யூரியா கேட்டால், வேண்டாத நுண்ணூட்டப் பொட்டலத்தையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்ற நிர்ப்பந்தம் கடைகளில் நடப்பதை அறியாதவர் கிராமத்தில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சரக்கு இருந்தாலும், பயிர்க் கடன் பெறச் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அந்தக் காகிதம் ஏது? அவர்கள் உரக்கடையில் கடனுக்கு வாங்கி, அறுத்ததும் அதே கடைக்காரர் காட்டும் வியாபாரிக்கே நெல்லைப் போட்டுவிட்டு வருகிறார்கள். மானியத்தின் மேன்மையைப் பற்றி அவர்களிடம் பேசுவதற்கு எனக்கு நா எழவில்லை.

உரத்தை எதிர்க்கும் ஆவேசமே பரிகாரம் என்று நினைப்பவர்கள் இலங்கையின் அனுபவத்தை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்தில் அங்கே ரசாயன உர இறக்குமதி ஒரே கட்டளையில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். அதற்குள் பெரும்போகத்தின் விதைப்புக் காலம் பாழாகியிருந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நம்மவர் வயல்கள் உட்பட, தேசமெங்கும் விளைச்சல் சரிந்து, தன் அரிசியைத் தானே விளைத்துவந்த நாடு அரிசிக்காகக் கையேந்த நேர்ந்தது. இயற்கை உரத்தின் அருமையில் எனக்கு ஐயம் இல்லை. தக்கைப்பூண்டு விதையை மானியத்தில் கொடுக்கும் மாநில அரசின் திட்டத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் மண் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பல போகங்கள் வேண்டும். கட்டளைக்கு அடங்கி ஒரே பருவத்தில் அது மாறாது.

இனி நெல் மூட்டையின் கதைக்கு வருகிறேன். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியபோது அதன் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. விவசாய விலைக் கமிஷனும் அதே மாதத்தில் பிறந்தது. அறுப்புக் காலத்தில் விலை சரிந்தால் தாங்கிப் பிடிப்போம் என்று அரசாங்கம் விவசாயிக்குச் செய்துகொடுத்த சத்தியம் அது. தமிழ்நாட்டில் 1972-இல் தோன்றிய நுகர்பொருள் வாணிபக் கழகம் அந்தச் சத்தியத்தின் கிராமத்துக் கையாக இயங்கிவருகிறது. ரேஷன் அரிசி வீடுதோறும் சேர்வதும் அதனால்தான். இந்த அமைப்பை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிற மாநிலங்களில் கொள்முதல் இல்லாத ஊர்களின் கதி என்னவென்று அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

விலை நிர்ணயத்தின் நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். 2025-26-க்கு ஒரு குவிண்டால் நெல்லின் உற்பத்திச் செலவு 1,579 ரூபாய் என்று கமிஷன் கணக்கிட்டது. அதன் ஒன்றரை மடங்கே 2,369. கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பின் கூலியும் மட்டுமே அந்த 1,579-இல் சேரும். நிலத்தின் வாரமும் முதலின் வட்டியும் சேரா. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமை வகித்த தேசிய விவசாயிகள் கமிஷன், செலவோடு ஐம்பது சதவிகிதம் சேர்த்துத் தர வேண்டும் என்று 2006-இல் சொன்னதை, எல்லாச் செலவும் அடங்கிய கணக்கின்மேல் தர வேண்டும் என்றே விவசாய சங்கங்கள் இன்றுவரை கேட்டுவருகின்றன. குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு வாரம் என்பது ஏட்டுக் கணக்கன்று, களத்திலேயே அளந்து கொடுக்க வேண்டிய நெல். ஆகவே சங்கங்களின் பக்கமே நியாயம் இருக்கிறது. மாநில அரசு தன் ஊக்கத்தொகையைக் கூட்டிச் சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் 2025 செப்டம்பர் 1 முதல் வழங்கியது நல்ல காரியம். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, நடவு முடிந்து, மேலுரமும் போட்டு, சில வயல்களில் கதிரும் பழுத்துவிட்ட பிறகு நடைமுறைக்கு வந்த அந்த விலை, பயிர் வைப்பதா வேண்டாமா, எவ்வளவு செலவிடலாம் என்று தீர்மானிக்க வேண்டிய வேளையில் ஒருவருக்கும் உபயோகப்படவில்லை.

சந்தை விலையின் கதையோ அதைவிடத் துயரமானது. ஒரு பருவத்தில் வியாபாரி வயலின் வரப்புக்கே லாரியைக் கொண்டுவந்து அரசு விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். அடுத்த பருவத்தில் ஆளனுப்பினாலும் வருவதில்லை. இதற்கு இயற்கையைக் காரணம் காட்ட முடியாது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பச்சரிசிக்கு இருபது சதவிகித ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி அறவே நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கும் இருபது சதவிகித வரி வந்தது. 2024 செப்டம்பர் 28-இல் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. நகரத்துக் குடும்பத்தின் அரிசிச் செலவு ஏறாதிருக்க வேண்டும் என்ற அரசின் எண்ணத்தை நான் குறை கூறவில்லை. அரிசியை விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் விவசாயக் கூலிகளும் உண்டு. அந்தத் தடை வந்த நாட்கள்தாம் என் மனத்தை உறுத்துகின்றன. ஜூலையும் ஆகஸ்டும் சம்பா நாற்றங்கால் விடும் மாதங்கள். நாற்று வயலில் ஊன்றப்படும்போது இருந்த சட்டம், கதிர் அறுபடும்போது இருக்குமா என்பதை நாட்டில் ஒருவராலும் சொல்ல இயலாது. நுகர்வோருக்காகச் செய்யப்படும் தியாகம் தேசத்தின் தியாகமாக இருக்கலாம். அதன் செலவு முழுவதையும் நெல் விளைவித்தவர் மட்டுமே ஏற்க வேண்டும் என்பது எந்தத் தர்மத்திலும் அடங்காது.

சந்தை கைவிட்ட ஆண்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு ஓடிவருகிறார்கள். அங்கே சாக்கு இல்லை, சணல் இல்லை, எடை போட்ட சிப்பங்களை ஏற்றிச் செல்ல லாரி வரவில்லை, கிடங்கில் இடம் இல்லை என்று நாளுக்கொரு காரணம் காத்திருக்கிறது. நாற்பது கிலோச் சிப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசாத ஒரு வசூலும் நடக்கிறது. அதைக் கொடுத்தவர் வெளியே சொல்வதில்லை, சொன்னால் அடுத்த பருவத்தில் அவர் நெல்லுக்குப் பதர் அதிகம் என்பார்கள். மழை மிகுந்த ஆண்டுகளில் ஈரப்பத வரம்பை 22 சதவிகிதமாக உயர்த்தும்படி மாநிலம் கேட்கும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். சில ஆண்டுகளில் 19 என்றும் 20 என்றும் தளர்வு கிடைத்ததும் உண்டு. அதற்குள் குழு பார்த்த நெல் அந்த நிலையில் இருப்பதில்லை. ஈர நெல்லுக்குக் கடிதப் போக்குவரத்தின் வேகம் தெரியாது. மூன்றாம் நாள் அது சூடேறுகிறது, ஐந்தாம் நாள் முளைவிடுகிறது.

என் அபிப்பிராயத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். உர விஷயத்தில், யூரியாவையும் மற்றச் சத்துக்களோடு ஒரே மானிய முறையின்கீழ்க் கொண்டுவந்தாக வேண்டும். யூரியாவின் விலை சிறிது சிறிதாக ஏறட்டும். அதில் மிச்சமாகும் தொகை ஒரு காசும் கஜானாவுக்குத் திரும்பாமல் பொட்டாஷையும் மணிச்சத்தையும் மலிவாக்கப் பயன்படட்டும். ஏக்கருக்கு இன்று ஆகும் மொத்தச் செலவு ஒரு ரூபாயும் கூடாதிருக்கட்டும். இதைச் சொல்லும் எந்த அரசியல்வாதிக்கும் கைதட்டல் கிடைக்காது என்பதை நான் அறிவேன்; ஆனால் 1992-இலும் 2010-இலும் பாதிக் காரியத்தோடு நிறுத்தியதன் கிரயத்தை மண்தான் இன்றுவரை செலுத்திக்கொண்டிருக்கிறது. நெல் விஷயத்தில், மத்திய விலையும் மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்த முழு விலை, மேட்டூர் மதகு திறக்கும் நாளுக்கு முன்னரே ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டப்பட வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் ஏற்றுமதியைத் தடுக்க நேர்ந்தால், அதனால் விழும் விலையின் வித்தியாசத்தை அரசே ஈடுசெய்ய வேண்டும். பயிரிடுபவர் யார் என்பதை ஊரறியும். குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்து, கடனும் கொள்முதலும் அந்தப் பதிவின்மேல் நடக்க வேண்டும்.

இவையெல்லாம் நிறைவேற ஆண்டுகள் ஆகலாம். இந்தச் சம்பா அறுப்புக்குள்ளேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் விவசாயிக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். அதில் குறித்த நாளில் அவர் நெல்லைக் கொண்டுவந்து, ஈரப்பதமும் பதரும் பார்க்கப்பட்டு, தகுதி என்று எழுதப்பட்ட பிறகு, எடை போடுவதிலும் ஏற்றிச் செல்வதிலும் ஏற்படும் தாமதத்துக்கு அவர் எவ்விதத்திலும் காரணமாகார். அதன் பின் பெய்யும் மழை சர்க்காரின் நெல்லின்மேல் பெய்யும் மழையாக இருக்கட்டும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தையும் அதற்குப் பொறுப்பான அமைச்சரையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: அந்த டோக்கன் சீட்டில் ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள். "இந்தத் தேதி முதல் இந்த நெல்லுக்கு அரசு பொறுப்பு" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.